மாடி எழும்பும் முன் சாலையை அளந்துவிடுங்கள்

சென்னையில் பழைய தோட்டத்து வீடு ஒன்று கைமாறினால் முதலில் சுற்றிலும் தகரம் அடிப்பார்கள். சில நாளில் மண் பரிசோதனைக்கு முக்காலி நட்டுத் துளை போடுவார்கள். "பதினெட்டு மாடியாம்" என்ற பேச்சு அதன் பிறகுதான் தெருவுக்கு வரும். குடியிருப்போர் நலச்சங்கமும் அப்போதுதான் முதல் கூட்டத்தைக் கூட்டும். கொஞ்சம் தாமதம்தான். ஆனாலும் செய்ய வேண்டியது நிறைய மிச்சம் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் வரும் பேச்செல்லாம் நியாயமாகவே இருக்கும். காற்று வராது, கிணறு வற்றிவிடும், தெருவில் வண்டி நகராது, மொட்டை மாடியில் துணி காயப்போடக்கூட முடியாது என்பார்கள். ஆனால் திட்ட அனுமதிக் கோப்பைப் பார்க்கும் அதிகாரியின் மேசையில் இருப்பது விதிப் புத்தகமும் வரைபடமும்தான். "எங்கள் பகுதியின் அமைதி கெடும்" என்ற வரியை எந்த விதியோடு வைத்து அவர் சரிபார்ப்பார்? ஒவ்வொரு கவலையையும் ஓர் அளவாகவும், அந்த அளவுக்குரிய விதியாகவும், அதைக் காட்டும் ஆவணமாகவும் மாற்றிக் கொடுத்தால்தான் அவர் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். சங்கத்தின் உண்மையான வேலை இதுதான்.

உங்களைக் கூப்பிட்டு யாரும் கருத்துக் கேட்க மாட்டார்கள் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பலரும் 'பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்' நடக்கும் என்று காத்திருந்து மாதங்களை இழக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டடத் திட்டங்கள் 8ஆம் இனத்தில் வருகின்றன. அந்த இனத்துக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு உண்டு. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவில் திட்ட அனுமதி கேட்கும்போதும் அண்டை வீட்டாரை அழைத்து விசாரிக்கும் கட்டம் கிடையாது. நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்டால் மட்டும் நாளிதழில் விளம்பரம் கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். அதனால் மனையின் சர்வே நம்பரைப் பிடித்தவுடன், எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகைப்படுத்தும் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் அந்த நிலம் எந்த வகையில் இருக்கிறது என்று சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தில் பாருங்கள். வீடு கட்ட அனுமதிக்காத வகையாக இருந்தால் மாற்றம் கேட்டே ஆக வேண்டும். விளம்பரத்துக்காக நாளிதழ்களைத் தினமும் ஒருவர் பார்த்துவரட்டும். ஆட்சேபத்துக்கான கெடு அந்த விளம்பரத்திலேயே இருக்கும்.

இனி அளவுகள். புரிவதற்காக ஒரு மாதிரிக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். மனை 6,000 சதுர மீட்டர். தரைக்குக் கீழே ஓர் அடித்தளம் (பேஸ்மென்ட்), தரைத்தளம் முழுக்க வாகன நிறுத்தம், அதன்மேல் 18 மாடி, மாடிக்கு 12 வீடு, மொத்தம் 216 வீடு. உயரம் சுமார் 57 மீட்டர்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குச் சுற்றிலும் 7 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அந்த 7 மீட்டர் 30 மீட்டர் உயரம் வரைக்கும்தான். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும், அதன் பகுதிக்கும், இன்னொரு மீட்டர் கூட வேண்டும். நம் கட்டடம் 30க்கு மேல் 27 மீட்டர் போகிறது. ஆறால் வகுத்தால் நாலரை, அதாவது ஐந்து. ஆகவே நாலு பக்கமும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். வரைபடத்தில் பார்க்க வேண்டியது இந்த 12ஐத்தான். பெரும்பாலும் பின்பக்க மூலையில், மனை கோணலாகக் குறுகும் இடத்தில்தான் அளவு இடிக்கும். புல எல்லை வரைபடத்தில் உள்ள மூலைவிட்ட அளவையும் பில்டரின் மனை வரைபடத்தில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காகிதத்தில் மனை கொஞ்சம் 'வளர்ந்திருப்பது' அங்கேதான் பிடிபடும்.

அதைவிட முக்கியம் சாலை. எவ்வளவு உயரம், எவ்வளவு தளப்பரப்பு என்பதெல்லாம் சாலை அகலத்தில்தான் தொங்குகின்றன. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதுதான் எஃப்.எஸ்.ஐ. உயர்மாடிக்கு அது 3.25 முழுதாகக் கிடைக்க 18 மீட்டர் சாலை வேண்டும். 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமான சாலையாக இருந்தால், பணம் கட்டி இன்னும் 50 சதவீதம் வரை பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். அப்போது 3.25 என்பது 4.87 வரை போகும். சாலை 18க்குக் கீழே இறங்கினால் பிரீமியம் 40 சதவீதமாகக் குறையும். ஆக, சாலையில் அரை மீட்டர் குறைந்தாலே பில்டருக்குப் பல மாடி போய்விடும். ஒரு திட்டத்தின் கணக்கு முழுக்கத் தலைகீழாவது சாலை அகலத்தில்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

மனைக்கு நேர் எதிரே மட்டும் 18 மீட்டர் இருந்தால் போதாது. மனையை ஒட்டிய சாலையில் குறைந்தது 500 மீட்டர் நீளத்துக்கு அந்த அகலம் இருக்க வேண்டும் அல்லது அதே அகலமோ அதிக அகலமோ உள்ள சாலையில் போய்ச் சேர வேண்டும். இதைத்தான் நீங்கள் அளக்க வேண்டும். 30 மீட்டர் டேப்பு ஒன்று, மூன்று பேர், ஒரு நோட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை போதும். தார் போட்ட பகுதியை மட்டும் அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. விதியில் சாலை அகலம் என்பது இரு பக்கத்து எல்லைகளுக்கு இடைப்பட்ட முழு அகலம். நடைபாதையும் மழைநீர் வடிகாலும் அதற்குள் அடங்கும். ஆகவே இந்தப் பக்கக் காம்பவுண்டு சுவரிலிருந்து அந்தப் பக்கக் காம்பவுண்டு சுவர் வரை, சாலைக்குச் செங்குத்தாக டேப்பைப் பிடியுங்கள். 25 மீட்டருக்கு ஓர் அளவு எடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் கதவு எண்ணையும் மின்கம்ப எண்ணையும் குறித்துக்கொண்டு, டேப்பின் எண் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். 500 மீட்டருக்கு 21 அளவு வரும்.

குறுகலான இடங்களில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, சாலையே அங்கே குறுகலாக இருப்பது. மற்றது, யாரோ சாலையை ஆக்கிரமித்துச் சுவர் கட்டியிருப்பது. இரண்டாவதாக இருந்தால், "ஆக்கிரமிப்பை அகற்றினால் அகலம் சரியாகிவிடும்" என்று பதில் வரும். அதனால் நகர நில அளவைப் பதிவேட்டில் அந்தச் சாலையின் பதிவான அகலத்தையும் எடுத்து, நீங்கள் அளந்ததையும் பக்கத்தில் எழுதி, இரண்டையும் ஒரே அட்டவணையில் கொடுங்கள். ஆக்கிரமித்தவர் சங்க உறுப்பினராகவே இருந்தாலும் மறைக்காதீர்கள். மறைத்தால் முழு அட்டவணையின் நம்பகமும் போய்விடும்.

அடுத்தது 20,000. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் முன்அனுமதி தேவை. நம் மாதிரிக் கட்டடத்தைப் பாருங்கள். 6,000ஐ 3.25ஆல் பெருக்கினால் 19,500. "இருபதாயிரத்துக்குள் இருக்கிறோம், அனுமதி தேவையில்லை" என்று சொல்ல வசதியான எண். ஆனால் 19,500 என்பது எஃப்.எஸ்.ஐ. பரப்பு. அதில் வாகன நிறுத்தத் தளமும் அடித்தளமும் கணக்கில் வராது. சுற்றுச்சூழல் அறிவிக்கையின் கணக்கு வேறு. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அடித்தளம், சேவைப் பகுதிகள் உட்பட எல்லாத் தளங்களின் மூடிய பரப்பையும் கூட்ட வேண்டும். அடித்தளத்துக்கு 3,500, தரைத்தள நிறுத்தத்துக்கு 1,080 சேர்த்தால் 24,000ஐத் தாண்டிவிடும். வரைபடத்தின் பரப்பு அட்டவணையில் எஃப்.எஸ்.ஐ.யில் சேரும் பரப்பும் சேராத பரப்பும் தனித்தனியே இருக்கும். அவற்றைக் கூட்டிப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்து மனைகளை 'முதல் கட்டம்', 'இரண்டாம் கட்டம்' என்று இரண்டு விண்ணப்பமாகப் பிரித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். நுழைவாயிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் பொதுவாக இருந்தால் அது ஒரே திட்டம்தான் என்று வாதிடலாம்.

சுற்றுச்சூழல் அனுமதி கேட்டிருந்தால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் விண்ணப்பமும் இணைப்புகளும் கிடைக்கும். தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே, எத்தனை மரம், நிலத்தடி நீர் எத்தனை அடியில் என எல்லாமே பில்டர் தன் கைப்பட எழுதிக் கொடுத்ததாக இருக்கும். மதிப்பீட்டுக் குழு அதை விவாதிக்கும் முன்பே உங்கள் மறுப்பு அங்கே போய்ச் சேர வேண்டும்.

தண்ணீர்க் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சென்னையில் மற்ற எதையும்விட இதுதான் வலிக்கும் இடம். 216 வீடு, வீட்டுக்கு 5 பேர் என்றால் 1,080 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது தேசியக் கட்டட நெறியின் வழக்கமான கணக்கு. மொத்தம் 1,45,800 லிட்டர். இதை அப்படியே எழுதினால், "கழிப்பறைக்குச் சுத்திகரித்த நீரைப் பயன்படுத்துவோம்" என்று பில்டர் எளிதாக வெட்டிவிடுவார். அதனால் அதையும் நீங்களே கழித்துவிடுங்கள். 135இல் 45 லிட்டர் கழிப்பறைக்கு. மிச்சம் ஆளுக்கு 90, மொத்தம் 97,200 லிட்டர் நல்ல தண்ணீர். 12,000 லிட்டர் லாரியில் தினமும் 8 நடை. இப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். குடிநீர் வாரியம் இதில் எவ்வளவு தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது? மிச்சம் போர்வெல்லா, லாரியா? லாரி என்றால் அது எந்தத் தெரு வழியாக, எந்த நேரத்தில் வரும்? "வாரியம் இணைப்புக் கொடுக்கும்" என்ற ஒற்றை வரிக் கடிதத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். இணைப்பு என்பது வேறு, குழாயில் தண்ணீர் வருவது வேறு. கோடையில் உங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று மூன்று மாதம் தேதிவாரியாக எழுதிய குறிப்பை இங்கே இணைக்கலாம்.

கழிவுநீர் இதே கணக்கில் 80 சதவீதம், சுமார் 1.17 லட்சம் லிட்டர். சுத்திகரிப்பு நிலையம் நின்றுபோகும் நாளில் அது உங்கள் தெருக் குழாயில்தான் இறங்கும். குழாயின் விட்டம் என்ன, எந்த மேன்ஹோல் ஏற்கெனவே மழையில் பொங்குகிறது என்று படத்தோடு குறித்துக் கொடுங்கள்.

மழைநீரில் பலர் கோட்டைவிடுவது தரை மட்டத்தை. 6,000 சதுர மீட்டரில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் அது 6 லட்சம் லிட்டர். மண்ணும் மரமுமாக இருந்தவரை அதில் பெரும்பகுதி உள்ளேயே இறங்கியது. அடித்தளத்தின் மேல் கான்கிரீட் மூடிய பிறகு இறங்க இடமில்லை. மனையை மண் கொட்டி மூன்றடி உயர்த்தினால் தெருவே பள்ளமாகிவிடும். எனவே நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றில் தரை மட்டம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது எனப் பார்த்து, 2015 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் சுவரில் தண்ணீர் நின்ற குறியோடு ஒப்பிடுங்கள். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் மனைக்குள் வாய்க்கால் புறம்போக்கு என்று ஒரு துண்டு இருந்தால் அதுவே தனி ஆட்சேபம்.

நிழல் விஷயத்தில் ஏமாற வேண்டாம். சென்னையில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானிலிருந்து சுமார் 53 டிகிரியில் நிற்கும். 57 மீட்டர் கட்டடத்தின் நிழல் வடக்கே 42 மீட்டர் விழும். வடபக்கத்து வீட்டு மாடியில் சோலார் தகடு இருந்தால் அது பெரிய இழப்புதான். ஆனால் கட்டட விதியில் நிழலுக்குத் தனிப் பாதுகாப்பு இல்லை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் 20 ஆண்டு அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை உண்டு என்றாலும் அதை நிலைநாட்ட சிவில் வழக்குப் போட வேண்டும். ஆட்சேபக் கடிதத்தில் இதைக் கடைசியில் வையுங்கள். 'கண்டவர்கள் குடிவருவார்கள்' என்பதை எழுதவே எழுதாதீர்கள். அது தவறு, அதோடு மற்ற எல்லா நியாயத்தையும் கறைப்படுத்திவிடும்.

கடிதத்தின் அமைப்பு எளிது. மேலே கிராமம், சர்வே நம்பர், தெரிந்தால் கோப்பு எண். பிறகு ஒரு பத்திக்கு ஓர் ஆட்சேபம். உதாரணமாக: "மனையின் வடகிழக்கு மூலையிலிருந்து மேற்கே 125 மீட்டரில், 14ஆம் எண் வீட்டுக்கு முன் சாலை அகலம் 15.40 மீட்டர், 200 மீட்டரில் 14.90 மீட்டர். நில அளவைப் பதிவேட்டிலும் இவ்விடத்தில் 15.20 மீட்டரே. ஆகவே 18 மீட்டர் சாலைக்குரிய எஃப்.எஸ்.ஐ.யைக் கணக்கிட வேண்டாம் எனவும், நேரடி அளவீடு செய்து எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறோம். இணைப்பு 3: அளவு அட்டவணையும் 21 படங்களும்." இதில் ஒரு வசைச்சொல் இல்லை. லஞ்சம், கூட்டுச் சதி என்று ஒரு வார்த்தை எழுதினாலும் பில்டரின் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார், அளவு பின்னுக்குப் போகும். சி.எம்.டி.ஏ. உறுப்பினர் செயலருக்கு முகவரியிட்டு, வீட்டுவசதித் துறைச் செயலர், மாநகராட்சி ஆணையர், குடிநீர் வாரியம், தீயணைப்புத் துறை ஆகியோருக்கு நகல் வையுங்கள். தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்குங்கள். நீதிமன்றத்துக்குப் போனால், "முதலில் மனு கொடுத்தீர்களா, எப்போது?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். சங்கம் பதிவு பெற்றிருக்கட்டும். ஒருவருக்கு அதிகாரம் கொடுத்துத் தீர்மானம் எழுதி, அதன் நகலையும் சேருங்கள்.

கோப்பைப் பார்க்க தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தமிழிலேயே எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். நகல் மட்டும் கேட்காமல், கோப்பை நேரில் ஆய்வு செய்யவும் அனுமதி கேளுங்கள். குறிப்புத் தாள்களில்தான் எந்தத் துறை என்ன தயங்கியது என்பது தெரியும். பதில் வரும்வரை மற்ற வேலைகளை நிறுத்திவைக்காதீர்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டால் நாள் எண்ண ஆரம்பியுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருப்பதால் வசதி. திட்ட அனுமதியை எதிர்ப்பதென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. நாலு மாடி எழும்பிய பிறகு போனால், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கே பதில் இருக்காது.

அளவு என்ன செய்யும் என்பதற்கு நொய்டா செக்டார் 93ஏ இரட்டைக் கோபுரம் சாட்சி. அங்கே எதிர்த்தவர்கள் அதே வளாகத்தின் குடியிருப்பாளர்கள். 2012இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் வைத்த முக்கிய வாதங்களில் ஒன்று வெறும் இடைவெளிதான். பக்கத்துக் கட்டடத்துக்கும் புதுக் கோபுரத்துக்கும் 16 மீட்டர் வேண்டும், இருந்தது 9. 2014இல் இடிக்க உத்தரவு, 2021 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2022 ஆகஸ்ட் 28இல் இரண்டு கோபுரமும் விழுந்தன. பத்து வருடம் ஆனது என்பதையும் மறக்கக் கூடாது.

திட்டத்தை நிறுத்த முடியாமல் போவதே அதிகம். அப்போதும் நிபந்தனைகளை வாங்கலாம், அவை மிகவும் பயன்படும். மாடியைக் குறைப்பது, சுத்திகரிப்பு நிலையத்தையும் ஜெனரேட்டரையும் வீடுகள் இல்லாத பக்கம் தள்ளுவது, லாரிக்கு வழியும் நேரமும் குறிப்பது ஆகியவற்றைக் கேளுங்கள். கட்டடத்தின் அடியில் ஒரே பலகையாகப் போடும் ராஃப்ட் அஸ்திவாரத்துக்கு 1,500 கனமீட்டர் கான்கிரீட் என்றால், 6 கனமீட்டர் மிக்சர் லாரியில் 250 நடை. நடுவில் நிறுத்த முடியாத வேலை, அதனால் இரவிலும் ஓடும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி வரம்பு 45 டெசிபல். எந்தெந்த இரவு என்று முன்கூட்டியே அறிவிக்கும்படி எழுதி வாங்குங்கள்.

எல்லாவற்றிலும் முதலாவதாகக் கேட்க வேண்டியது, பள்ளம் தோண்டும் முன் சுற்றியுள்ள வீடுகளின் நிலையைப் பதிவு செய்வது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். மண் பரிசோதனை அறிக்கையையும் கட்டமைப்பு வடிவமைப்பை வெளியார் சரிபார்த்த சான்றையும் கேட்பது யாருக்கும் அவமதிப்பு ஆகாது. அடித்தளத்துக்காக இரவும் பகலும் நீர் இறைக்கும்போது பக்கத்து மண்ணும் சேர்ந்து அமிழும். களிமண் பகுதியில் இது மெதுவாக, மாதக் கணக்கில் நடக்கும். முதலில் காம்பவுண்டு சுவர் விரியும், பிறகு ஜன்னல் மூலையில் சாய்வான கோடு விழும். பில்டரின் பொறியாளரும் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒவ்வோர் அறையையும் படமெடுத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஏற்கெனவே உள்ள விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் பிளாஸ்டர் வைத்து ஒட்டி, மேலே தேதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து வாரம் ஒரு படம். கிணற்றில் கயிறு விட்டு நீர் மட்டத்தை வாரம் ஒருமுறை குறித்து வாருங்கள். "இது பழைய விரிசல்" என்ற பதிலுக்கு இதைவிட மலிவான மறுப்பு கிடையாது.

கட்டடம் எழும்பும்போது அனுமதி வரைபடத்தின் பிரதி கையில் இருக்கட்டும். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) இணையதளத்திலும் அது கிடைக்கும். ஒவ்வொரு தளம் போட்டதும் ஒரே இடத்தில் நின்று தேதியோடு படமெடுத்து, மாடிகளை எண்ணி, 12 மீட்டர் இடைவெளியில் மின்மாற்றியோ காவலர் அறையோ முளைக்கிறதா என்று பாருங்கள். தீயணைப்பு வண்டி சுற்றிவர வேண்டிய வழி அது. விலகல் தெரிந்தால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 ஆகிய பிரிவுகளைக் குறிப்பிட்டு உடனே மனு கொடுங்கள். கட்டட நிறைவுச் சான்று இல்லாமல் உயர்மாடிக்கு மின் இணைப்போ குடிநீர், கழிவுநீர் இணைப்போ கொடுக்கக் கூடாது. எனவே கடைசித் தளம் பூசப்படும் மாதத்திலேயே, பாக்கி நிற்கும் விலகல்களைப் படங்களோடு பட்டியலிட்டு, நிறைவுச் சான்று தரும் முன் எங்களையும் வைத்துக்கொண்டு அளக்க வேண்டும் என்று இன்னொரு மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள்.